ஆக்னலின் பாத்தி

அத்தியாயம் 14

பாத்திக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

தெரசம்மாள் வேலி ஓரத்திலேயே நின்றுவிட்டாள். இடுப்பில் தண்ணிக் குடம். மலை மஞ்சு மூடுபனியாக இறங்கி, பேரி மரம் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

சின்ன இருமல். வறண்ட இருமல். ஒன்று, அப்புறம் இன்னொன்று. அப்புறம் யாரோ வாயைப் பொத்தின மாதிரி நின்றுபோனது.

"ஆக்னலு," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். சத்தமாகக் கூப்பிட்டால் ஓடிவிடும். கிட்டப் போனாலும் நின்றுவிடும். முன்னே போய்ப் பார்த்தவள்தான். மஞ்சைத் தவிர ஒன்றும் இருக்காது.

கொஞ்ச நேரம் பொறுத்து, பேரி மரத்தடிக்குப் போனாள். பாத்தி ஓரத்து மண் அமுங்கிக் கிடந்தது, யாரோ குத்தவைத்து உட்கார்ந்து எழுந்த மாதிரி. அவள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதாகத் தோன்றியது. குடத்துத் தண்ணீரைப் பூண்டுத் தாளுக்கு அடியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

இந்த மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகள் உண்டாகியிருக்கிற சமயம் பூண்டு ஊன்ற நேர்ந்தால், ஓரமாக ஒரு பாத்தியைப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று விடுவார்கள். அதில் விளைவதை விற்ற காசு ஞானஸ்நான உடுப்புக்கு. பிள்ளைக்கு முன்னால் பாத்திக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். கரு தங்காமல் போனால், பாத்தியை அன்றைக்கே கொத்திப் போட்டுவிட வேண்டும்.

தெரசம்மாள் ஆக்னலின் பாத்தியைக் கொத்தவில்லை.

சித்திரையில் மருமகள் ஜெனியின் வயிறு நாளுக்கு மீறி வளர்ந்தபோது, ரெட்டைப் பிள்ளை என்று பூண்டி ஊர் முழுக்கச் சொன்னவள் அவள்தான். வைகாசியில் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே பிள்ளையே இல்லை. திரை பூராவும் உறைபனி கொட்டின மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

"கரு ஆரம்பத்துலயே தப்பா உருவாகியிருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "பிள்ளை வளரல. நஞ்சுக்கொடி மட்டும் நீர்க்குமிழி மாதிரி கொத்துக் கொத்தா வளந்திருக்கு. முத்துப்பிள்ளைன்னு சொல்லுவாங்க. இவங்க தப்பு இதுல எதுவும் இல்ல."

உடனே சுத்தம் பண்ணி அனுப்பினார்கள். அதன் பிறகு ஜெனி வந்து வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், கர்ப்பத்துக்கான ஹார்மோன் இறங்கி இறங்கி இல்லாமல் போக வேண்டும், அதுவரை புதிதாகப் பிள்ளை உண்டாகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முதலில் ஒழுங்காகப் போனார்கள். நன்றாக இறங்கியும் வந்தது. ஆடி மழையில் பாதை சரிந்தது. அப்புறம் பூண்டு பிடுங்குகிற வேலை வந்தது. போகவில்லை.

அதில் தெரசம்மாளுக்கு வருத்தமும் இல்லை. ரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சி எடுத்தால் உள்ளே இருக்கிறது காய்ந்து போகாதா?

உள்ளே இருக்கிறது என்றுதான் அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டுக்குள் ஜெனி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். உத்திரத்தில் தொங்குகிற பூண்டுக் கட்டுகளுக்குப் புகை ஏறிக்கொண்டிருந்தது. அவள் தோளில் கிடந்த துண்டு மஞ்சில் நனைந்து ஈரமாக இருந்தது.

"வெளிய போனியாத்தா?"

"விறகு எடுக்கப் போனேன் அத்தை."

"வாடையில நிக்காத. இப்ப உடம்பு அப்படி."

ஜெனி நிமிர்ந்து மாதா சுருபத்தைப் பார்த்தாள். சுருபத்தின் காலடியில் மெழுகுவர்த்தி எரிந்தது. அதன் பக்கத்தில், கர்ப்பம் பார்க்கிற கிட் ஒன்று இருந்தது. நேற்றுச் சாயங்காலம் தெரசம்மாள்தான் மன்னவனூர் மெடிக்கலில் வாங்கிவந்து பார்க்கச் சொன்னாள். சோறு இறங்காமல் ஓங்கரித்துக்கொண்டே இருந்தாளே, அதனால்.

அதில் இரண்டு கோடு.

"அதத் தூரப் போடச் சொன்னேன்ல அத்தை."

"ஏன் போடணும்? மாதா பாக்கட்டும்."

"அத்தை, ஒங்க மகன் ஆஸ்பத்திரில இருந்து என்னைய வீட்டுல விட்டுட்டுப் போனவரு இன்னும் திரும்பல. லாரி குஜராத் பக்கம் ஓடிக்கிட்டு இருக்கு. பெறகு எப்படி ரெண்டு கோடு வரும்?"

"அது எனக்குத் தெரியாதா?" தெரசம்மாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஜெனி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டாள். "ஒன்னைய யாரும் சந்தேகப்படல தாயி. அவன் வந்துதான் ஆகணும்னு இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"வெள்ளனே பாத்திக்குப் போறேன்ல. அங்கன இருமுறான்."

"யாரு?"

"பேரன்தான். ரெண்டு இருமல். அப்புறம் ஒளிஞ்சுக்கிறான்."

ஜெனியின் முகம் வெளுத்துப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "காத்தா இருக்கும் அத்தை," என்றாள்.

*

சூரியன் இருக்கிற இடம் தெரிகிற அளவுக்கு மஞ்சு விலகின நேரம், நர்ஸ் ரம்யா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். மழைக்கோட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று கத்தினாள்.

"ஏன் பெரியம்மா, போனை எடுக்கக்கூடாதுன்னு நேர்த்திக்கடனா? ரெண்டு தடவையா இவ ரத்தம் குடுக்க வரல. ஆஸ்பத்திரில என்னையப் போட்டுக் காய்ச்சுறாங்க."

"பூண்டு புடுங்குற சோலி ரம்யா."

"பூண்டு எங்கயும் ஓடிறாது. இவ உசுரு..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், மாதா சுருபத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். கிட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஜெனியைத் தனியாக இழுத்து மெதுவாக ஏதோ கேட்டாள். ஜெனி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பெரியம்மா, இங்க பாருங்க. ஒங்க மகன் ஜெபக்குமார் ஊர்லயே இல்ல. அப்ப இது பிள்ளை இல்ல. புரியுதா?"

"புதுப் பிள்ளைன்னு நான் சொன்னேனா?" என்றாள் தெரசம்மாள். "பழைய பிள்ளைதான். நீங்க சுத்தம் பண்றேன்னு எடுத்தீங்கள்ல, அன்னைக்கு முழுசா எடுக்கல. கொஞ்சம் ஒளிஞ்சுக்கிருச்சு. இப்ப வளருது."

ரம்யா கிட்டைக் கீழே வைத்தாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டி மண்தரையில் குழி போட்டது.

"மிச்சம் இருந்து வளருதுங்கறது நெசமா இருக்கலாம் பெரியம்மா," என்றாள் கடைசியில், ஒவ்வொரு வார்த்தையாக. "ஆனா அது பிள்ளை இல்ல. கண்ணு கெடையாது, காது கெடையாது. வளர மட்டும்தான் தெரியும். விட்டா இவளத் தின்னுரும்."

"வாயக் கழுவு."

"நான் கழுவிக்கிறேன். நீங்க இவள அனுப்புங்க."

"அனுப்பினா மறுபடி எடுத்துருவீங்க. ஒருக்க குடுத்தது போதும்."

அந்த நேரம் பின்வாசல் வழியாக மனுவேல் உள்ளே வந்தார். தெரசம்மாளின் வீட்டுக்காரர். காலையிலிருந்து மூட்டை சுமந்த மனிதர், தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. கையில் ஒரு பூண்டுச் செடி. முழங்கை நீளத்துக்குத் தாள், கரும்பச்சையாக.

"ஏ தெரசு. ஒம் பேரன் பாத்தியில புடுங்குனது. நல்லாப் பாரு."

மற்ற பாத்திகளில் தாள் மஞ்சளாகிச் சாய்ந்து, பிடுங்கி, கட்டுக் கட்டி, புகைக்கும் ஏற்றியாகிவிட்டது. அந்த ஒரு பாத்தி மட்டும் இன்னும் பச்சையாக நின்றது. நின்றதோடு இல்லை, வளர்ந்து ஏறிக்கொண்டே போனது.

மனுவேல் செடியைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் பூண்டு இல்லை. பல்லும் இல்லை, தோலும் இல்லை. தாளே கொஞ்சம் தடித்து, வெள்ளையாக வேருக்குள் முடிந்திருந்தது.

"எருவும் தண்ணியுமா ஊத்துன. வளந்துச்சு. பூராம் தாளு," என்றார். "அடியில ஒன்னுமில்ல."

தெரசம்மாள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "யாரு ஒங்கள அதுல கை வைக்கச் சொன்னது? இன்னும் நாள் ஆகலை. நாள் ஆகுமுன்ன புடுங்குனா எப்படி இருக்கும்?"

"ஏடி, நீ பூண்டு பாக்காதவளா?"

அவள் செடியோடு திரும்பினாள். கொல்லைக்குப் போனாள். பின்னாலேயே ஜெனியும் ரம்யாவும் வந்தார்கள். பேரி மரத்தடியில் மண்டி போட்டு, பிடுங்கின குழியிலேயே செடியை இறக்கி, இரண்டு கையாலும் மண்ணை அணைத்து அமுக்கினாள் தெரசம்மாள். குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி. அப்புறம் குனிந்து, மண்ணில் காதை வைத்தாள்.

ரம்யா ஜெனியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை," என்றாள் ஜெனி. "சலேத் மாதா திருவிழாவுக்குப் போவோம்னு சொன்னீங்கள்ல. இன்னைக்குப் போவோமா?"

தெரசம்மாள் தலையைத் தூக்கினாள். கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. "நெசமாவா?"

"நெசமாத்தான். தொட்டில் கட்டணும்னு நேந்திருக்கீங்கள்ல. நானும் வாரேன்."

கொடைக்கானலில் கோயிலும் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அதை ஜெனியும் சொல்லவில்லை, ரம்யாவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது மனுவேல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "போயிட்டு வாங்க. நான் அந்தப் பாத்தியக் கொத்திப் போடுறேன். அன்னைக்கே செய்ய வேண்டியது."

தெரசம்மாள் என்ன சொன்னாள் என்பது ஜீப் சத்தத்தில் கேட்கவில்லை.

*

வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிப் போகிற ஜீப். ஓட்டுகிறவன் சிவமுருகன், பூம்பாறைக்காரன்.

"பெரியம்மா, முன்னாடி எடமில்ல. பூண்டு மூட்டை மேல உக்காருங்க, பாதி டிக்கெட்."

"எதுக்குப் பாதி?"

"எறங்குறப்ப பூண்டு வாசத்தோட எறங்குவீங்கள்ல. மருமக ஒரு வாரத்துக்குப் பக்கத்துல வர மாட்டா. அதுக்குக் கழிவு."

"ஒம் பொண்டாட்டி எப்படி ஒங்கூட இருக்கா?"

"அவ மூக்கடைச்சவ பெரியம்மா. பாத்துத்தான் கட்டுனேன்."

தெரசம்மாள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். ஜெனி அவள் பக்கத்தில் மூட்டைகளுக்கு இடையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ரம்யாவின் ஸ்கூட்டர் பின்னால் வந்துகொண்டிருந்தது. மன்னவனூர் தாண்டினதும் மஞ்சு மூடிக்கொண்டது. அதற்கப்புறம் ஸ்கூட்டரின் விளக்கு மட்டும் ஒற்றைக் கண்ணாகத் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

ஜெனி வாயைத் துண்டால் பொத்தியிருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் தோள் ஏறி இறங்கியது.

"என்னத்தா, வாந்தியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"மசக்கை அப்படித்தான். ஜெபா வயித்துல இருக்கும்போது எனக்கு ஜீப் வாசமே ஆகாது."

பூம்பாறை வளைவில் சிவமுருகன் திடீரென்று பிரேக் போட்டான். எதிரே ஒரு காட்டுமாடு, மஞ்சுக்குள் பாறை மாதிரி நின்றது. இன்ஜினை அணைத்தான். "அசையாதீங்க. அதுவா போகும்."

எங்கும் சத்தமே இல்லை. இலையிலிருந்து நீர் சொட்டுகிறது கேட்டது. மாடு மூச்சு விடுகிறது கேட்டது.

அந்த அமைதியில் இருமல் வந்தது.

சின்ன இருமல். வறண்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. அப்புறம் யாரோ வாயைப் பொத்தின மாதிரி நின்றுபோனது.

முதலில் தெரசம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், பாதையை. ஆக்னல் கூடவே வந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். பிறகுதான் மெதுவாகப் பக்கத்தில் திரும்பினாள்.

ஜெனி துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"நீயா?" என்றாள் தெரசம்மாள்.

ஜெனி துண்டை இன்னும் இறுக்கினாள்.

"வெள்ளனே பாத்திகிட்ட இருமுனது நீயாத்தா?"

"ஆமா அத்தை."

"ஏன் அங்க போயி?"

"வீட்டுல இருமுனா மாமாவுக்குக் கேக்கும். கேட்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாரு. அதான் கொல்லைக்கு ஓடிருவேன்." துண்டை வாயிலிருந்து எடுத்தாள். "மொதல்ல சளின்னு நெனச்சேன். பெறகு சொல்லப் பயமா இருந்துச்சு. சொல்லிட்டா அது நெசமாயிரும்ல."

துண்டில் ரத்தம் இருந்தது. கொஞ்சம்தான். மாதுளை முத்து உடைந்த மாதிரி, அங்கங்கே.

காட்டுமாடு தலையை ஆட்டிவிட்டுப் பள்ளத்தில் இறங்கிப்போனது. சிவமுருகன் வண்டியைக் கிளப்பினான். தெரசம்மாள் அந்தத் துண்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ நாளாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், பேசியிருக்கிறாள், மண்ணில் காது வைத்திருக்கிறாள். அத்தனை நாளும் வேலிக்கு அந்தப் பக்கம், மஞ்சுக்குள் குத்தவைத்து, இந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஆக்னலு என்று கூப்பிட்டதும் கேட்டிருக்கும்.

"நான் கூப்புட்டது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அத்தை."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க."

கொடைக்கானல் வரும்வரை தெரசம்மாள் அந்தத் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குள் நுழையும்போது சலேத் மாதா கோயில் ஒலிபெருக்கியில் ஜெபமாலை கேட்டது. சிவமுருகன் வேகத்தைக் குறைத்தான். "கோயில்லதான எறங்கணும் பெரியம்மா?"

தெரசம்மாள் அந்தச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு விடு," என்றாள். "வெரசா போ."

*

முதலில் வயிற்றை ஸ்கேன் பண்ணினார்கள். தெரசம்மாளையும் உள்ளே வரச் சொன்னார் டாக்டரம்மா. போன தடவை பனி கொட்டின திரை, இந்தத் தடவை கறுப்பாக இருந்தது.

"பாருங்க. பிள்ளை இல்ல. கருப்பைச் செவுத்துல இந்த எடத்துல மட்டும் சின்னதா ஏதோ தெரியுது. இருமல் எவ்வளவு நாளா?"

"ஆடி மழையில இருந்து," என்றாள் ஜெனி.

டாக்டரம்மா அதற்கப்புறம் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. நெஞ்சுக்குப் படம் எடுக்கச் சொன்னார்.

படம் எடுக்கிற அறைக்கு வெளியே ரம்யாவும் தெரசம்மாளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்கு உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அதே இருமல். தெரசம்மாள் கையைப் பிசைந்துகொண்டாள். கதவு சாத்தியிருந்தது. ஆள் தெரியவில்லை, இருமல் மட்டும் வந்தது. இப்போதும் அவளுக்கு அது ஆக்னலின் இருமலாகத்தான் கேட்டது. தெரிந்த பிறகும் காது மாறவில்லை.

டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டினார். விலா எலும்புகளுக்கு நடுவே, இரண்டு பக்கமும், வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். உரித்துப் போட்ட பூண்டுப் பல் மாதிரி.

"ரத்தத்தோட முடிவு மதுரையில இருந்து வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்க முடியாதும்மா. படமே பாதி சொல்லிருச்சு. கருப்பையில மிச்சமா ஒட்டியிருந்தது ரத்தக் கொழா வழியா நுரையீரலுக்குப் போயிருக்குன்னுதான் தெரியுது. சில பேருக்கு இப்படி ஆகும்."

"நெஞ்சுக்குள்ள போயி," தெரசம்மாள் படத்தின் பக்கம் நகர்ந்தாள். "நெஞ்சுக்குள்ள போயி என்ன பண்ணுது டாக்டரம்மா?"

"வளருது."

விளக்குப் பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டரம்மா, ஜெனியின் பக்கத்தில் வந்து நின்று. "இது புத்துநோய்ல ஒரு வகை. ஆனா மருந்துக்கு நல்லாக் கேக்குற வகை. நெஞ்சுக்குப் போன பெறகும் முக்காவாசிப் பேருக்கு மேல கொணமாயிருக்காங்க. அப்புறம் நல்லபடியா பிள்ளையும் பெத்திருக்காங்க. ஊசி போடணும், நாள் ஆகும், முடி கொட்டலாம். ஆனா மதுரைக்கு இன்னைக்கே போகணும். இனி ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. வண்டிக்குச் சொல்லிட்டேன். கூட யாரு போறது?"

"அவரு வந்துருவாரு," என்றாள் ஜெனி. "போன் போட்டா ரெண்டு நாள்ல..."

"ரெண்டு நாளா?" டாக்டரம்மா தெரசம்மாளைப் பார்த்தார்.

தெரசம்மாள் மலையை விட்டு மதுரைக்குப் போனவள் இல்லை. அடிவாரத்து வத்தலக்குண்டுக்கு அப்புறம் உலகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கையில் மாற்றுத்துணி இல்லை. மடியில் ரத்தம் பட்ட துண்டு மட்டும் இருந்தது.

"நான் வீட்டுக்குப் போயி..." என்று ஆரம்பித்தாள். ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போய் என்ன என்று தெரசம்மாளுக்கே தெரியும். இருட்டுவதற்குள் போனால், மனுவேல் முழுக்கக் கொத்தியிருக்க மாட்டார். நாலு செடியாவது மிஞ்சும்.

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஜெனியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். தெரசம்மாள் நடைபாதையிலேயே நின்றாள். அப்போது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

மனுவேல். வீட்டில் டவர் கிடைக்காது. பேரி மரத்தடி மேட்டில் நின்றால்தான் கிடைக்கும்.

"தெரசு." மூச்சு வாங்கியது அவருக்கு. "ஜெனி ஒங்கூடத்தான இருக்கா?"

"இருக்கா. என்னங்க?"

"ஒன் கண்ணுக்கு முன்னால இருக்காளா?"

"வண்டியில ஏத்துறாங்க. மதுரைக்கு. புள்ளைக்கு நெஞ்சுல..."

"பொறு. பொறு." அவர் குரல் தணிந்தது. தெரசம்மாள் இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் குரல் நடுங்கிக் கேட்டதில்லை. "பாத்தியக் கொத்திக்கிட்டு இருந்தேன். பாதி முடிச்சிட்டேன். மஞ்சு எறங்கிருச்சு. கை மறைக்குது."

"சரி."

"மீதிப் பாதியில இருந்து இருமல் கேக்குது தெரசு."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள். மனுவேலின் மூச்சு. இலையில் நீர் சொட்டுகிற சத்தம். அப்புறம், தூரத்தில், மண்ணுக்குப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி, சின்னதாக, வறண்டதாக ஒன்று. இன்னொன்று வருவதற்காக அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"அத்தை!" என்று வண்டிக்குள்ளிருந்து ஜெனி கூப்பிட்டாள். "வாரீங்களா?"

தெரசம்மாள் போனை அணைத்தாள். இன்னொன்று வந்ததா என்று கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குள் ஏறி, ஜெனியின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கதவைச் சாத்தினார்கள்.

"யாரு அத்தை போன்ல?"

"ஒங்க மாமாதான்."

"என்னவாம்?"

வண்டி மலையை விட்டு இறங்க ஆரம்பித்தது. முதல் வளைவில் மஞ்சு கண்ணாடியில் வந்து அப்பியது. ஜெனி இருமினாள். உள்ளங்கைக்குக் கீழே அது அதிர்வதைத் தெரசம்மாள் உணர்ந்தாள்.

"ஒன்னுமில்லத்தா," என்றாள். "பாத்தியக் கொத்திட்டாராம்."